பேசாமை ஒற்றுமையாகுமா? பவாரணை எழுப்பும் வினா

முன்பின் அறியாத மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கும்போது, அவர்களிடையே பூசல் எழாதிருப்பதையே ஒற்றுமை எனக் கொள்ளலாமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் புதியவர்களின் தயக்கத்தைப் போக்க இன்று நடத்தப்படும் அறிமுக விளையாட்டுகள், ஒருவரைத் தம்மைப் பற்றிப் பேச வைத்துவிட்டால் உறவு தானே வளரும் என்னும் எண்ணத்தின்மீது நிற்கின்றன. அந்த எண்ணத்தைச் சீர்தூக்கிப் பார்க்க, பௌத்தத் துறவியரின் ஒழுக்க நெறிகளைத் தொகுத்துரைக்கும் வினய பிடகம் பெரிதும் துணைபுரிகிறது. ஏனெனில் பல குலங்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் வீட்டைத் துறந்து வந்தவர்களைக் கொண்டு அமைந்த சங்கம், இந்தச் சிக்கலை நாள்தோறும் எதிர்கொண்டு, அதற்கென விதிகளையும் சடங்குகளையும் வகுத்துக்கொண்டது.

வினய பிடகத்தின் ஒரு பகுதியாகிய சூளவக்கம், ஒரு விகாரைக்குப் புதிதாக வந்து சேரும் பிக்குவும் அங்கு ஏற்கெனவே வாழும் பிக்குவும் நடந்துகொள்ள வேண்டிய முறையை விரிவாகக் கூறுகிறது. வந்தவர் மூத்தவராயின், உறைபவர் இருக்கை இட்டு, கால் கழுவ நீர் வைத்து, எதிர்கொண்டு சென்று பாத்திரத்தையும் சீவரம் எனப்படும் மேலாடையையும் வாங்கிக்கொண்டு, குடிக்க நீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வந்தவரோ தமக்குரிய தங்குமிடம் எது, பிச்சைக்குச் செல்லும் ஊர் எது, கழிப்பிடமும் குடிநீரும் எங்கே உள்ளன, சங்கத்தார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள் யாவை என்று வினவ வேண்டும். புதியவரின் உள்ளத்தைத் திறக்குமாறு இவ்விதிகள் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை என்பது கருதத்தக்கது. தண்ணீரும் தங்குமிடமும் பற்றிய முதல் கேள்விகள் வந்தவரைக் கூச்சத்துக்கு உள்ளாக்காமலே பேச்சைத் தொடங்கி வைக்கின்றன.

ஆயினும், தேவை பற்றிய பேச்சு மட்டும் ஒரு சமூகத்தை உருவாக்கிவிடுமா? இதற்கு விடையாக அமைவது வினய பிடகத்தின் மற்றொரு பகுதியாகிய மகாவக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி. கோசல நாட்டில் மழைக்கால உறைவை மேற்கொண்ட சில பிக்குகள், சச்சரவின்றி இனிது வாழ வேண்டுமென்று கருதி, தமக்குள் ஒரு சொல்லும் பேசுவதில்லை என உடன்பட்டனர். பிச்சையிலிருந்து முதலில் திரும்புபவர் இருக்கைகளை இட்டு நீர் எடுத்து வைக்கவும், இறுதியில் திரும்புபவர் அவற்றை அகற்றி இடத்தைக் கூட்டித் தூய்மை செய்யவும், தனியே செய்ய இயலாத வேலைக்குக் கைச்சாடையால் மற்றொருவரை அழைத்துக்கொள்ளவும் வகை செய்துகொண்டனர். மழைக்காலம் முடிந்தபின் சிராவஸ்தியின் ஜேதவனத்தில் புத்தரைக் கண்டு, தாங்கள் பிணக்கின்றி வாழ்ந்த முறையை எடுத்துரைத்தபோது, அவர் அதனைப் பாராட்டவில்லை. துன்பமாகவே வாழ்ந்துவிட்டு இன்பமாக வாழ்ந்ததாக அவர்கள் எண்ணுவதாகவும், அது ஆடுமாடுகள் சேர்ந்து கிடப்பதற்கு நிகரானது என்றும் கடிந்து, பேசாநோன்பைக் குற்றமென விலக்கினார்.

இக்கண்டனம் மௌனத்தின்மீதே எழுந்ததன்று. அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் பிக்குகள் மூவர் ஒரு வனத்தில் ஏறத்தாழ இதே ஏற்பாட்டுடன், கைச்சாடையால் வேலைகளைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்ததைப் புத்தரின் உரைத் தொகுப்புகளுள் ஒன்றாகிய மஜ்ஜிம நிகாயம் குறிப்பிடுகிறது. அவர்களைப் புத்தர் மனமாரப் பாராட்டினார். வேறுபாடு, ஐந்து நாள்களுக்கு ஒருமுறை அம்மூவரும் இரவு முழுவதும் கூடியமர்ந்து அறம் பற்றி உரையாடியதிலும், தம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு மற்றவர் விருப்பத்தை அறிந்து நடந்ததிலும் இருந்தது. உரையாடலுக்கு இடையே அமையும் மௌனம் சிந்தனைக்கு இடமளிக்கிறது. உரையாடலுக்கு மாற்றாக நிறுத்தப்படும் மௌனமோ ஒருவரின் பிழையை மற்றவர் கண்டும் காணாததுபோல் கடந்து செல்வதற்கு வழிசெய்கிறது. முன்னது உறவின் பகுதி. பின்னது உறவைத் தவிர்க்கும் முயற்சி.

கோசலத்துப் பிக்குகளைக் கடிந்ததோடு நில்லாமல், புத்தர் மழைக்கால உறைவின் முடிவில் நிகழ வேண்டிய பவாரணை என்னும் சடங்கையும் ஏற்படுத்தினார். பவாரணை என்பது, தம்மிடம் பிறர் கண்ட, கேட்ட அல்லது ஐயுற்ற குறை எதுவாயினும் இரக்கத்தோடு எடுத்துரைக்குமாறு ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தைத் தாமே வேண்டிக்கொள்வதாகும். மேலாடையை ஒரு தோளில் இட்டு, குந்தியமர்ந்து, கைகூப்பி மும்முறை இவ்வேண்டுகோளை முதலில் விடுப்பவர் மூத்த பிக்கு; அவருக்குப் பின்னரே இளையவர் தொடர்கின்றனர். மூத்தவர்கள் குந்தியிருக்கையில் சிலர் இருக்கைகளில் அமர்ந்திருந்ததால், அனைவரும் குந்தியே இருக்க வேண்டுமென விதி எழுந்தது. முதுமையால் தளர்ந்த ஒருவர் அந்நிலையில் நெடுநேரம் இருக்க இயலாமல் மயங்கி விழுந்தபோது, தம் முறை முடியும்வரை குந்தியிருந்தால் போதும் என அது தளர்த்தப்பட்டது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ இருப்பின் சங்கத்தின்முன்னும், நால்வரோ மூவரோ இருவரோ இருப்பின் ஒருவர்க்கொருவரும் இவ்வாறு வேண்டிக்கொள்வர்.

குறை கூறுமாறு அழைப்பது பகையை வளர்க்காதா என்னும் ஐயம் இயல்பாக எழக்கூடும். குறை கூறுபவர் தக்க காலத்தில், உண்மையை, மென்மையாக, பயன் கருதி, அன்பான உள்ளத்தோடு கூற வேண்டும் என்ற ஐந்து வரம்புகளால் வினயம் அந்த ஐயத்துக்கு விடையளிக்கிறது. சோழ நாட்டுப் பிக்குவாகிய புத்ததத்தர், காவிரிக் கரையிலுள்ள பூதமங்கலத்தில் தங்கி வினய விதிகளை 'வினயவிநிச்சயம்' என்னும் செய்யுள் நூலாகச் சுருக்கியமை, இந்நெறிகள் தமிழ் மண்ணிலும் ஊன்றிப் பயிலப்பட்டதற்குச் சான்று. இவை அனைத்தினும் மேலாக, மற்றோர் உரைத் தொகுப்பாகிய சம்யுத்த நிகாயத்தின்படி ஒரு பவாரணை நாளில் புத்தரே கூடியிருந்த ஐந்நூறு பிக்குகளை நோக்கி, தம் செயலிலோ சொல்லிலோ குறை கூறத்தக்கது ஏதேனும் உண்டா என வினவினார். அதற்கு மறுமொழி கூறிய அவருடைய முதன்மைச் சீடர் சாரிபுத்தர், குறை ஏதுமில்லை என்றபின், தம்மைப் பற்றியும் அதே வினாவை எழுப்பினார்.

புதியவர்களின் பேச்சைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு வலியவரிடமே உள்ளது என்பதே இச்சான்றுகளிலிருந்து பெறத்தக்க முடிவு. அறிமுக விளையாட்டு பெரும்பாலும் எளியவரைத் தம்மை வெளிப்படுத்துமாறு கேட்கிறது. பவாரணையோ மூத்தவரைத் தாழ அமர்ந்து தம்மைப் பற்றிக் கேட்டறியச் சொல்கிறது. ஆதலால், புதிய குடியிருப்பையோ வகுப்பையோ வழிபாட்டுக் குழுவையோ அமைப்போர், வந்தவருக்கு முதலில் நீரும் இடமும் காட்டி, பின்னர்த் தம் குறைகளைக் கூறுமாறு தாமே அவரை அழைக்க வேண்டும். தலைவர் இவ்வாறு கேட்கத் துணியாத இடத்தில் நிலவும் அமைதியை ஒற்றுமை எனக் கொள்வதற்கில்லை.