மேல் சிகிச்சைக்கு அனுப்புவது யாருக்காக?

நள்ளிரவில் வலியெடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு (ஜி.எச்.) அனுப்புவது பல நேரங்களில் சரியான முடிவுதான். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு கண்டவரையும், கருப்பை வாயை நஞ்சுக்கொடி மறைத்திருப்பவரையும் அறுவை அரங்கும் ரத்தமும் இல்லாத இடத்தில் வைத்திருப்பதுதான் தவறு. ஆனால் அங்கேயே சுகப்பிரசவமாகக் கூடியவரையும் “எதற்கு வம்பு” என்று அனுப்பிவிடுகிறார்களே, அது அறமா?

அனுப்புகிறவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டின் 24 மணி நேர நிலையங்கள் மூன்று செவிலியர்களை முறை வைத்து நடத்தத் திட்டமிடப்பட்டவை. அதாவது, இரவில் ஒரே ஒருவர். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது அரசின் அளவுகோல். பிரசவத்தில் தாய் இறந்தால் தணிக்கை உண்டு. தாய்மார் இறப்பு குறைந்ததில் அந்தத் தணிக்கைக்குப் பெரும் பங்கு இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் ‘ஏன் இறந்தார்’ என்ற கேள்வி, தனியாக நின்ற செவிலியரின் காதில் ‘யார் கையில் இறந்தார்’ என்று விழுகிறது. தன் லேபர் ரூமில் நேரும் மரணத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். தேவையில்லாமல் அனுப்பியதற்கு அநேகமாக யாரும் கேட்பதில்லை.

அந்தத் தேவையற்ற பயணத்தின் விலையை இன்னொருவர் கொடுக்கிறார். வண்டியிலேயே பிரசவமாகும் ஆபத்தைத் தாய் ஏற்கிறார். கூடப் போகும் கணவருக்கும் மாமியாருக்கும் கூலி போகிறது. ஏற்கெனவே நிரம்பி வழியும் ஜி.எச்.சில், உண்மையிலேயே உயிருக்குப் போராடும் வேறொரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் பங்கு போடப்படுகிறது. மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே முதல் சிகிச்சை என்று 1978-இல் அல்மா-அட்டாவில் உலக நாடுகள் உறுதி சொன்னது, முதல் படியிலேயே கைவிரிக்கும் நிலையத்தை மனத்தில் வைத்தல்ல. ஆபத்தை நிலையத்திலிருந்து தாயின் தலைக்கு மாற்றும் பரிந்துரை, காகிதத்தில் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும், தவறுதான்.

அனுப்பியே ஆக வேண்டிய நேரத்திலும் கடமை வாசலோடு முடிவதில்லை. வலிப்பு கண்டவருக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸை அங்கேயே போட வேண்டும். என்ன மருந்து, எந்த நேரம், ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுத வேண்டும். எதிர்முனையில் இருக்கும் மருத்துவரைப் போனில் பிடித்துச் சொல்ல வேண்டும். ஆனால் கடமையைச் செய்யக் கையில் இருக்கும் மருந்தும் வேலை செய்ய வேண்டும். உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. மின்சாரம் போய்ப் போய் வரும் நிலையத்தில் அதன் வீரியம் குறைந்திருந்தால், உதிரப்போக்கை நிறுத்த முடியாமல் தவிக்கும் செவிலியரை மட்டும் குற்றவாளி ஆக்குவது எப்படி நியாயம்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. நிலை மோசமான தாயுடன் செவிலியரும் வண்டியில் ஏறினால் நிலையம் ஆளில்லாமல் கிடக்கும். ஏறாவிட்டால் அந்தத் தாய்க்கு வழித்துணை ஆம்புலன்ஸ் பணியாளர் மட்டும்தான். எதைத் தேர்ந்தாலும் ஒருவருக்கு அநீதி. இந்தத் தேர்வை ஒற்றைச் செவிலியரின் மனச்சாட்சியிடம் விட்டிருப்பது நிர்வாகத்தின் பிழை. இரவுப் பணிக்கு இரண்டாவது செவிலியரை நியமிப்பதும், தணிக்கை மேசையில் மரணங்களோடு தேவையற்ற பரிந்துரைகளையும் வைத்துப் பேசுவதும் அரசின் கையில் இருக்கும் காரியங்கள்.