சூதும் சொல்லும்

ஆங்கிலத்திலே சூதுமதி படைத்தோரைச் சுட்டும் சொற்கள் சில, பிறப்பாற் குற்றமற்றவை. 'கனிங்' என்பது அறிதலைக் குறித்த பழைய வினையடியிற் பிறந்தது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்திலே, ஏசா வேட்டையில் வல்லவன் என்பதை உணர்த்த இச்சொல்லே ஆளப்பட்டது. 'கிராஃப்டி' என்பதன் வேரும் வலிமையையும் கைத்திறனையும் குறித்ததே. அவ்வேரோடு உறவுடைய ஜேர்மன் சொல் இன்றும் வலிமையையே குறிக்கின்றது.

அறிவும் திறனும் வஞ்சகத்தின் பெயர்களாயினமை ஏன்? அறிந்தவன் அறியாதவனை ஏய்த்தமையே காரணம் எனலாம். ஏமாந்தவனின் இழப்பு மெய்யானது. அதனை மறுத்தல் இயலாது. ஆயின் 'ஷ்ரூட்' என்ற சொல் எதிர்த்திசையிலே சென்றுள்ளது. ஒருகாலத்திற் கொடியவனைப் பழித்த அச்சொல் இன்று கூர்மதியாளனைப் பாராட்டுகின்றது. ஏய்ப்பினாலே சொற்கள் இழிந்தன எனின், இச்சொல் உயர்ந்தது எதனால்? ஆதாயம் கண்ட முதலாளிக்கு இப்பாராட்டு எளிதிற் கிட்டுகின்றது; அதே கணக்கைப் போட்ட வேலையாளோ 'கனிங்' எனப்படுகின்றான். செயல் ஒன்று, தீர்ப்பளிப்போன் நிற்கும் இடமே வேறு.

ஏசாவைச் சுட்டிய அவ்வசனத்திலேயே அவன் தம்பி யாக்கோபு எளிய மனிதன் எனப்படுகின்றான். பின்னர் ஆட்டுக்குட்டித் தோலாற் கைகளை மூடி, பார்வை மங்கிய தந்தையை ஏய்த்து, தமையனுக்குரிய ஆசியைப் பெற்றவன் அந்த எளியவனே.