கேட்பவனின் உரிமை

ஆகாயம் பஞ்சபூதங்களில் ஒன்று என்றும், சப்தமே அதன் விசேஷ குணம் என்றும், அது ஒன்றேயாய், நித்தியமாய், எங்கும் நிறைந்ததாய், துண்டுபடாததாய் இருப்பது என்றும் வைசேஷிக தரிசனத்தார் நிர்ணயித்தார்கள். துண்டுபடாத பொருளில் 'இது என் பங்கு' என்று எல்லை கட்ட மனிதனுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி அந்த நிர்ணயத்திலேயே அடங்கியிருக்கிறது. கி.பி. 533-ல் வெளியான ரோமப் பேரரசர் ஜஸ்டீனியனின் சட்ட நூல் காற்றையும் ஓடும் நீரையும் கடலையும் எல்லோருக்கும் பொது என்றது. ஒருவர் பயணம் செய்வதால் கடல் குறைந்து போவதில்லையாதலால் அதற்கு உடைமையாளர் இருக்க முடியாது என்று 1609-ல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் வாதாடினார். வானொலி அலைகளும் எத்தனை பேர் பயன்படுத்தினாலும் தீர்ந்து போவதில்லை. ஆயினும், ஒரே அலைவரிசையில் ஒரே இடத்தில் இருவர் ஒருங்கே பேசினால் இருவர் பேச்சும் கெடுகிறது. ஆகவே நிலத்துக்குரிய நியாயமும் கடலுக்குரிய நியாயமும் இங்கே முழுமையாகப் பொருந்துவதில்லை.

இது வெறும் தர்க்கப் பயிற்சியன்று என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு விவகாரமே சாட்சி. 2015 ஜனவரியில் முடிந்த பெரும் ஏலமொன்றில், அதுவரை ராணுவம் முதலிய அரசுத் துறைகள் பயன்படுத்திய 1755 முதல் 1780 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி உட்படச் சில அலைவரிசைகள் ஏறத்தாழ 4,490 கோடி டாலருக்குக் கைப்பேசி நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. அதனால் ராணுவச் சாதனங்கள் சில, தொலைக்காட்சிச் செய்திக் குழுவினர் நெடுங்காலமாக நேரடிக் காட்சிகளை அனுப்பிவந்த 2025 முதல் 2110 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குள் இடம் தேடின. செயற்கைக்கோள்களுக்குத் தரையிலிருந்து கட்டளை அனுப்பும் நிலையங்களுக்கும் அங்கேயே இடம் வேண்டியிருந்தது. அந்தச் செய்திக் குழுவினரோ சில வருஷங்களுக்கு முன்புதான், ஏறத்தாழ 17 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தங்கள் ஏழு தடங்களையும் 12 மெகாஹெர்ட்ஸாகக் குறுக்கிக்கொண்டு, பழைய இடத்தில் ஒரு பகுதியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

காட்சியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். எங்கோ தீப்பற்றி எரிகிறது. செய்தி வேன் தெருவோரத்தில் நிற்கிறது. அதன் கூரையிலிருந்து கம்பம் ஒன்று அடுக்கடுக்காக நீண்டு எழுகிறது. அதன் நுனியிலுள்ள ஆண்டெனா, தொலைவிலே ஒரு குன்றின் மேலோ உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலோ இருக்கும் வாங்கியை நோக்கித் திரும்புகிறது. வந்து சேரும் அலை மிகமிக மெலிந்தது. அதைப் பிடிக்கவே அந்த வாங்கி அத்தனை நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நியூ பாஸ்டனில் இருப்பது போன்ற ராணுவ நிலையத்திலோ, பிரம்மாண்டமான கிண்ணமொன்று, 35,786 கிலோமீட்டர் உயரம் வரையிலும் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குக் கேட்கும்படி மிகுந்த வலிமையோடு வானை நோக்கிப் பேசுகிறது. அதன் ஆற்றலில் ஒரு சிறு கசிவு பக்கவாட்டில் சென்றாலும் குன்றின் மேலுள்ள செவி அடைபட்டுப் போகும்.

இவ்விடத்தில் பௌதிக சாஸ்திரம் சொல்லும் ஓர் உண்மை என் மனத்தை மிகவும் ஈர்க்கிறது. இரண்டு அலைகள் வெளியில் ஒன்றையொன்று ஊடுருவிக் கடக்கும்போது எதற்கும் ஊறு நேர்வதில்லை. தன் வழியே வந்தது தன் வழியே போகிறது. கெடுதல் நேர்வது வாங்கியின் உள்ளேதான். குடத்தில் அடைபட்ட ஆகாயத்தைப் பற்றி அத்வைதிகள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே: குடத்திலுள்ள புழுதியும் புகையும் ஆகாயத்தில் ஒட்டுவதில்லை. அப்படியானால், 'வெளியில் எனக்குப் பங்கு' என்று பேசுகிறவன் கோருவது, உண்மையில் தன்னைக் கேட்பவனுக்கு இடையூறு நேராதிருக்க வேண்டும் என்பதையே. உரிமை பேசுகிறவனுடையதன்று, கேட்கிறவனுடையது; ராணுவத்தின் விஷயத்தில் அது கோளினுடையது, செய்தியின் விஷயத்தில் குன்றின் மேலுள்ள வாங்கிக்கும் அதன் வழியே வீட்டில் அமர்ந்து பார்க்கும் ஜனங்களுக்கும் உரியது. கேட்பவனுக்கும் ஒரு கடமை உண்டு: தனக்கு வேண்டாத அலைகளையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டு பிறரைக் குறை சொல்லாமல், நல்ல வடிகட்டிகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அலைவரிசையையும் நிலம் போல உடைமையாக்கி விற்றால், அதை அதிகமாக மதிப்பவரிடம் அது சென்று சேரும் என்று 1959-ல் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் எழுதினார். கூர்மையான வாதம்தான், ஆயினும் தேச ரட்சணையையும், தீ எங்கே பரவுகிறது என்று அறியும் ஜனங்களின் தேவையையும் எந்தத் தராசில் வைத்து விலை கூறுவது? ராணுவம் பெரிது என்பதனாலேயே செய்தி ஒதுங்க வேண்டும் என்பதை நான் ஒப்ப மாட்டேன். ரகசியம் காக்க வேண்டிய ராணுவமும் தான் எந்தத் திசையில், எந்த நேரத்தில் பேசப்போகிறது என்பதை வேண்டிய அளவுக்கேனும் அண்டை அயலாருக்குச் சொல்லக் கடமைப்பட்டது.

நடைமுறையில் இந்தக் கடமை சட்டப் புத்தகத்தில் மட்டும் நிறைவேறுவதில்லை. ஒலிபரப்புப் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்கள், பெரும்பாலும் ஊதியமின்றியே, எந்த நிலையத்து வேன் எந்தத் தடத்தில் எப்போது பேசலாம் என்று கேட்டுச் சொல்லிப் பங்கிடுகிறார்கள். இப்போது அதே மனிதர்கள் ராணுவத்தோடும் பேச வேண்டியிருக்கிறது. முன்கூட்டித் தெரிந்த விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இது போதும். தீயோ முன்னறிவிப்பின்றி வருகிறது. சுற்றுப்பாதையிலிருந்து விலகத் தொடங்கிய செயற்கைக்கோளுக்கும் கட்டளை அந்தக் கணத்திலேயே போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒரே மாலையில் ஒரே ஊரில் நேர்ந்தால் எவர் முதலில் மௌனமாவது என்பதை எந்த ஒப்பந்தமும் முன்னதாக எழுதி வைத்துவிட முடியாது. தொலைபேசியின் இரு முனையிலும் இருக்கும் இருவர் அதை அப்போதே தீர்மானிக்க வேண்டும்.