மன அமைதியும் ஒரு கூரையும்

"கவலையை விடுங்கள்" என்பது நாம் எளிதில் வழங்கிவிடும் அறிவுரை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் நெல்லியாம்பதி மலையிலும் உழைக்கும் நம் தமிழ் மக்களிடம் அதைச் சொல்லச் சற்றே நாக் கூசுகிறது.

லயத்து வீட்டின் ஒற்றை அறையில் மூன்று தலைமுறையினர் உறங்குவதுண்டு. பள்ளி மாணவிக்குத் தனித்திருந்து படிக்க ஒரு மூலையில்லை. தாய்க்கோ நாள்தோறும் கொழுந்தின் எடைக் கணக்கு. பாட்டியின் துயரம் வேறு. பணி ஓய்வு பெற்றால் லயத்தை ஒழிக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்ட வேலைக்கு வந்தால்தான் கூரை நிலைக்கும். பேத்தி படித்து மலையிறங்க வேண்டுமென்று விரும்புபவளும் அவளே. இறங்கிவிட்டால் எங்கே போவது என்று அஞ்சுபவளும் அவளே. இதனை முதுமையின் மனத்தளர்ச்சி என்று மட்டும் பெயரிட்டால் நாம் பாதியைத்தான் கண்டவராவோம்.

மூச்சுப் பயிற்சியையும் நடைப்பயிற்சியையும் நாம் இகழவில்லை. (மலைச்சரிவில் நாளெல்லாம் ஏறியிறங்குபவர்க்கு நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பது வேடிக்கைதான்.) ஆயினும் 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுள் புதைந்து 70 பேர் மாண்டனர். அதன்பின் மழையிரவில் விழித்திருப்பவரின் அச்சம் நோயா, அறிவா?

2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாற்றுப் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். பொறுமையே மனநலம் என்போர் அவர்களை எவ்வகையில் சேர்ப்பரோ!

மருத்துவர் "உறக்கம் வருகிறதா?" என்று கேட்கட்டும். "ஓய்வுக்குப்பின் எங்கே தங்குவீர்கள்?" என்றும் கேட்கட்டும்.