நோயாளியின் ஹக்கும் ஆட்சியாளரின் அமானத்தும்

அல்லாஹ் தஆலா நமக்கு அருளியுள்ள நிஃமத்துகளில் ஆரோக்கியம் மிகப் பெரியது. அது நம்மை விட்டு நீங்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. நோய் வந்தால் ஸபூர் செய்ய வேண்டும். துஆ கேட்க வேண்டும். மருத்துவமும் செய்துகொள்ள வேண்டும். நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். இது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் மருந்து இருந்தும் அதை வாங்க வழியில்லாதவனுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றதும் முதலில் கழற்றப்படுவது வீட்டுப் பெண்ணின் வளையல். நகை தீர்ந்ததும் வட்டிக் கடன். ரிபா ஹராம் என்று ஜும்ஆவில் பயான் கேட்டு வந்தவன், அடுத்த வாரமே தாயாரின் சிகிச்சைக்காக வட்டிக்காரர் வாசலில் நிற்கிறான். அவனைக் குறை சொல்வது எளிது. அவனை அந்த வாசலுக்குத் தள்ளியது எது என்றும் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏழைக்குச் சிகிச்சை கிடைப்பது வெறும் அரசியல் விஷயமன்று. தீனுடைய விஷயமும் ஆகும்.

ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பை ஏற்றவரே. ஆட்சித் தலைவர் தம் குடிகளைப் பற்றி அல்லாஹ்விடம் விசாரிக்கப்படுவார் என்பது பிரபலமான ஹதீதின் கருத்து. மற்றொரு ஹதீதை ஸஹாபி அபூ மர்யம் (ரலி) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களிடம் நேரில் சென்று எடுத்துரைத்தார்கள். மக்களின் காரியங்களை ஏற்ற ஒருவர், அவர்களுடைய தேவையும் வறுமையும் தம்மை வந்தடையாதபடி திரை போட்டுக்கொண்டால், அவருடைய தேவையின்போது அல்லாஹ்வும் அவரை விட்டுத் திரையிட்டுக்கொள்வான் என்பது அதன் கருத்து. அதைக் கேட்ட முஆவியா (ரலி) அவர்கள், மக்களின் தேவைகளைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். எச்சரிக்கையைக் கேட்டு அழுவதோடு நில்லாமல் ஏற்பாடு செய்வதே ஆட்சியாளரின் வேலை என்பதற்கு இது ஒரு படிப்பினை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் ஜாபியா என்ற இடத்திற்குச் சென்றபோது, தொழுநோயால் வாடிய கிறிஸ்தவர்களைக் கண்டார்கள். ஸதகாப் பொருளிலிருந்து அவர்களுக்கு வழங்கும்படியும், உணவு கிடைத்துவரச் செய்யும்படியும் உத்தரவிட்டார்கள். நோயாளியின் மார்க்கம் எது என்பது அங்கே தடையாகவில்லை. ஹிஜ்ரி 88இல் கலீஃபா வலீது, தொழுநோயாளிகள் பிறரிடம் கையேந்தாதபடி அவர்களுக்கு மானியம் ஏற்படுத்தினார். நடக்க இயலாதவருக்கு ஒரு பணியாளையும், பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் அமர்த்தினார். 1284இல் ஸுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. ஏழை, செல்வர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற பாகுபாடு அங்கே கூடாது என்பது அந்த வக்ஃபின் ஏற்பாடு.

கலீஃபாக்களின் காலம் போய்விட்டது, ஆட்சிமுறையும் மாறிவிட்டது. ஆனால் அமானத் என்பது மாறவில்லை. மக்களின் ஆரோக்கியத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மையான கடமைகளுள் ஒன்று என நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகிறது. பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் தக்க சிகிச்சை கிடைக்காமற் போகக் கூடாது என்பது, 1946இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கையின் அடிப்படைக் கொள்கை.

ஏட்டில் உள்ள கடமை நடைமுறையில் தவறுவதும் உண்டு. 1992இல் மேற்கு வங்காளத்தில் ஓர் ஏழை விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகள், வசதியில்லை, படுக்கை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பின. முடிவில் தனியார் மருத்துவமனையில் கைப்பணம் செலவழித்தே அவர் சிகிச்சை பெற்றார். அவருடைய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்பது அதற்குச் சாக்காகாது என்று கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. அந்தத் தொழிலாளி தர்மம் கேட்கவில்லை. தம் ஹக்கைக் கேட்டார்.

நம் ஸக்காத்தும் ஸதகாவும் ஒரு குடும்பத்தின் துயரைத் துடைக்கலாம். ஆனால் இரவும் பகலும் டாக்டரும் மருந்தும் படுக்கையும் காத்திருக்கச் செய்வது அரசாங்கத்தால்தான் இயலும். நாம் தர்மம் செய்வதால் அரசின் பொறுப்பு நீங்கிவிடாது. அது சொன்னதைச் செய்யாவிட்டால் மரியாதையுடன், ஆனால் விடாமல் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தில்லை என்றால், ஜமாஅத்தார் அங்கே ஒரு மனு கொடுப்பதும் நன்மையான காரியமே.

நம்முடைய கடமையும் உண்டு. அரசு மருத்துவமனை ஏழையின் சோற்றுப்பானை போன்றது. வசதியுள்ளவர் சிபாரிசைக் கொண்டு வரிசையை முந்தினால், பின்னால் நிற்கும் கூலிக்காரரின் ஹக்கைப் பறித்தவராகிறார். ஸ்டிரெச்சர் தள்ளுவதற்குக் கையில் எதையாவது திணிக்கும் வழக்கமும் லஞ்சமே. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். இன்று கொடுக்க முடிந்தவர் கொடுத்துப் பழக்கினால், நாளை கொடுக்க முடியாதவர் வராந்தாவில் கிடப்பார்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கும் விதவைக்கும் வருமானச் சான்றிதழும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் பெற்றுக் கொடுக்கட்டும். மருத்துவமனைக்கு உடன் சென்று, எந்தச் சீட்டை எங்கே காட்டுவது என வழிகாட்டட்டும். நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதற்கே பெரும் நன்மை உண்டென்றால், அவரைச் சிகிச்சையிடம் கொண்டு சேர்ப்பதற்கு எவ்வளவு நன்மை இருக்கும்! பக்கத்து வீட்டார் எந்த மதத்தவரானாலும் அவருக்கும் இதைச் செய்ய வேண்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! ஆள்வோருக்கு அமானத்தைப் பேணும் உள்ளத்தையும், நமக்குப் பிறருடைய ஹக்கைப் பறிக்காத கைகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.