சொல் தரும் குரலும் சொல் கடந்த குழலும்

குரலுக்கும் குழலுக்கும் மூலப்பொருள் ஒன்றே. அது மனித மூச்சு. தொண்டையில் அதிர்ந்து நாவிலும் உதட்டிலும் வடிவம் பெறும் மூச்சு சொல்லாகிறது. மூங்கிலுக்குள்ளோ நாணல் சீவாளிக்குள்ளோ புகும் மூச்சு சுரமாகிறது. அதில் சொல் இல்லை. வழிபாட்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கும்போது சமயச் சிந்தனைக்குரிய ஒரு கேள்வி பிறக்கிறது. இறைவனை நோக்கிச் செல்வது சொல்லின் பொருளா, அதைச் சுமக்கும் நாதமா? சொல்லே இல்லாத ஊதல் வழிபாடாகுமா? இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் கோயில்களில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. அங்கே பாடுவோர் பெரும்பாலும் தோட்டத்தவரே. நாயனமும் தவிலும் வாசிப்போர் பெரும்பாலும் திருவிழாவுக்காக வெளியிலிருந்து அழைக்கப்படுவோர்.

முதலில் கருவிகளின் இயல்பைப் பார்க்க வேண்டும். நாயனம் எனப்படும் நாகசுரம் இரட்டை நாக்குடைய துளைக்கருவி; மேலைநாட்டு ஓபோவும் இதே இனத்தைச் சேர்ந்தது. உடல் ஆச்சா மரத்தால் ஆனது. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் உண்டு. கீழ்முனையில் அணசு என்னும் அகன்ற வாய்ப்பகுதி பொருத்தப்பட்டிருக்கும். சீவாளியை உதடு எவ்வளவு இறுக்குகிறது, மூச்சு எவ்வளவு அழுத்தத்துடன் செல்கிறது என்பதைப் பொறுத்தே கமகம் அமைகிறது. தேரோடும் வீதிக்காகப் பிறந்த கருவி இது. சிறிய அறையில் ஊதினால் பக்கத்தில் பாடும் குரல் காதில் விழாது. புல்லாங்குழலோ குரலுக்கு நிகரான அளவில் ஒலிப்பது. டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) அதில் வாய்ப்பாட்டின் குழைவுகளையெல்லாம் கொண்டுவந்து காட்டினார். ஆகவே குழல் குரலோடு சேர்ந்து நடக்கலாம். நாகசுரம் குரலோடு மாறி மாறித்தான் ஒலிக்க முடியும்.

இந்த மாறி ஒலித்தலே கோயில் வழிபாட்டின் ஒழுங்கானது. சுவாமி புறப்படும்போது வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சாகித்தியமே இல்லை. கம்பீரநாட்டையில் தாளக் கணக்கோடு செல்லும் சுரங்கள்தாம் அதன் உடல். தீபாராதனையின்போது மேளமும் மணியும் உச்சத்துக்கு ஏறுகின்றன. பிறகு அவை அடங்க, பஞ்சபுராணம் ஓதப்படுகிறது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் வரிசையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடல் ஓதும் இவ்வழக்கம் இலங்கைச் சைவக் கோயில்களில் ஆழ வேரூன்றியது. ஒருபுறம் சொல்லற்ற நாதம், மறுபுறம் தமிழ்ச்சொல். ஒன்று பேசும்போது மற்றது மௌனம் காக்கிறது.

மலையகத்தில் இந்த ஒழுங்கு உருவான வரலாறு வேறு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தம் தெய்வங்களையும் உடன் கொண்டு வந்தனர். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு அருகே மாரியம்மனும் முனியாண்டியும் இடம்பெற்றனர். ஆகம முறையும் ஓதுவார் மரபும் நாயனக்காரர் மரபும் அவர்களுடன் அதே அளவில் வந்து சேரவில்லை. அவர்களிடம் இருந்தவை தப்பு, உடுக்கு, குரல் ஆகியவையே. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் நிகழும் காமன் கூத்து பாட்டாலும் தப்பாலும் நடப்பது. மார்கழி விடியற்காலைப் பஜனை குரலால் நடப்பது. கரகம் பாலித்து அம்மனை அழைக்கும்போது உடுக்கோடு எழுவதும் பாட்டுத்தான். ஊதுகருவி பின்னரே, திருவிழாச் செலவுக்குக் கைகூடியபோது, மேளமாக வந்து சேர்ந்தது. எனவே மலையக வழிபாட்டில் குரல் அடித்தளம். நாயனம் அதன்மேல் எழுந்த மாடம்.

குரலுக்கும் கருவிக்கும் உள்ள உறவைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் இரண்டு நிகழ்ச்சிகளைத் தருகிறது. முதலாவது ஆனாய நாயனாரின் வரலாறு. திருமங்கலத்து ஆயரான அவர், பூத்துக் குலுங்கும் கொன்றை மரத்தைச் சிவவடிவாகக் கண்டு, அதன்முன் நின்று குழலில் ஐந்தெழுத்தை வாசிக்கிறார். பசுக்கள் மேய்ச்சலை நிறுத்துகின்றன. கன்றுகள் பாலுண்ண மறக்கின்றன. பகை கொண்ட உயிர்களும் ஒன்றையொன்று மறந்து நிற்கின்றன. இறைவன் தோன்றி, குழல் வாசித்த நிலையிலேயே அவரை ஏற்றுக்கொள்கிறான். குழலை எப்படி அளந்து துளையிட வேண்டும் என்பதையும் சேக்கிழார் விரித்துரைக்கிறார். பக்தியைப் பாட வந்தவர் கருவியின் தொழில்நுட்பத்துக்கு அத்தனை இடம் தந்ததிலிருந்து, அந்த நுட்பமும் தொண்டின் பகுதி என அவர் கருதியது புலனாகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி திருஞானசம்பந்தரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் தருமபுரத்தில் இருந்தபோது நடந்தது. பதிகங்களின் பெருமைக்குக் காரணம் பாணரின் யாழிசையே என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். பாணர் மனம் வருந்தி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் பின்தொடர முடியவில்லை. கருவியை உடைக்கப் போன பாணரைச் சம்பந்தரே தடுத்தார். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர் நிலைத்தது.

இவை முரண்பட்ட விடைகள் போலத் தோன்றலாம். ஆனாயர் வரலாறு சொல்லில்லாக் குழல் போதும் என்கிறது. யாழ்முரி குரல் கருவியை மீறும் என்கிறது. உற்று நோக்கினால் இரண்டிலும் ஒரே நியதி உள்ளது. ஆனாயரின் குழலில் ஐந்தெழுத்து இருந்தது. அது அவர் உள்ளத்திலிருந்து வந்தது. சொல் வாயில் இல்லாவிட்டாலும் ஊதுபவரிடம் இருந்தது. சம்பந்தர் யாழைத் தோற்கடித்தார், ஆனால் ஒதுக்கவில்லை. பாணர் தொடர்ந்து அவருடன் இருந்தார், திருநல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் கலந்த சோதியிலும் உடன் கலந்தார். கருவியின் எல்லையை அறிவது கருவியைத் துறப்பதற்காக அன்று.

சைவ சித்தாந்தம் இதற்குத் தத்துவ அடிப்படை தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தையும் அதன் வழிநூலான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரையும் தழுவிய மரபில் வாக்கு நான்கு வகைப்படும்: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. செவிக்குக் கேட்கும் சொல் வைகரி, அதாவது கடைசிப் படி. அதற்கு முன் எண்ணமாகவும், அதற்கும் முன் பிரியாத நுண்ணொலியாகவும் வாக்கு நிற்கிறது. இந்த வரிசைப்படி நாதம் சொல்லுக்கு முந்தியது. அப்படியானால் நாயனத்தின் ஒலி, பாடப்படும் சொல்லைவிட இறைவனுக்கு அருகில் உள்ளதா? சித்தாந்தம் அவ்வளவு எளிதாக இதை ஒப்புவதில்லை. நாதமே பிரமம் என்று கொள்ளும் சத்தப்பிரமவாதத்தை, சித்தியாரில் பிற கொள்கைகளை ஆராயும் பகுதியான பரபக்கம் மறுக்கிறது. நாதம் சுத்தமாயையின் காரியம், அது சடம். சிவன் நாதத்தையும் கடந்தவன். ஆகவே சொல்லும் சுரமும் இரண்டுமே கருவிகள். அவற்றை வழிபாடாக்குவது அவற்றைச் செலுத்தும் உயிரின் அன்பு.

கிறித்தவ மரபும் இதே இடத்தில் நின்று சிந்தித்திருக்கிறது. தோட்டங்களின் சிறு தேவாலயங்களில் தமிழ்க் கீர்த்தனை பாடும் மக்களுக்கும் இந்தச் சிந்தனை உரியதே. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல், குழலும் யாழும் தெளிவான பேதங்களோடு ஒலிக்காவிட்டால் வாசிக்கப்படுவது என்னவென்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார். சபைக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பது அவர் கவலை. புனித அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைக்கும்போது தாம் தவறிழைப்பதாக வருந்துகிறார். அவரே விவிலியச் சங்கீதங்களுக்கு எழுதிய விளக்கவுரையில், அறுவடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்வோர் சொற்களோடு பாடத் தொடங்கி, மகிழ்ச்சி மிகும்போது சொற்களை விட்டு வெறும் ஒலியில் ஆர்ப்பரிப்பதை எடுத்துக்காட்டி, சொல்லில் அடங்காத கடவுளுக்கு இது தகும் என்கிறார். வழிபாட்டின் உயர்ந்த நிலைக்கு அவர் தேர்ந்தெடுத்த சான்று தோட்டத் தொழிலாளரின் குரல். அந்தக் குரல் சொல்லிலிருந்து தொடங்கியே சொல்லைக் கடக்கிறது என்பதும் கருதத்தக்கது.

இதே உறவைச் சிற்றரங்க இசை கலை வடிவத்தில் சோதித்துப் பார்க்கிறது. ஒரு குரலையும் ஒரு துளைக்கருவியையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்தும் ஆக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்தன. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆல்பர்ட் ரூசெல் 1924இல் கவிஞர் ரோன்சாரின் இரண்டு கவிதைகளைக் குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் அமைத்தார். ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1957இல் வில்லியம் பிளேக்கின் பத்துக் கவிதைகளைக் குரலுக்கும் ஓபோவுக்கும் அமைத்தார். அவற்றுள் மூன்றில் ஓபோ வாசிப்பதே இல்லை. குரல் தனித்து நிற்கிறது. பக்கவாத்தியக் கூட்டம் இல்லாததால் குரலின் ஒவ்வொரு சொல்லும் வெளிப்படையாகிறது. கருவியின் ஒவ்வொரு மூச்சும் கேட்கிறது.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சான்று 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் உள்ளது. சிக்கல் சிங்காரவேலனைப் போற்றும் அந்த ஆபேரி ராகப் பாடலில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒன்றுக்கொன்று விடையளிக்கின்றன. வீதிக்குரிய கருவியையும் தனிக் குரலையும் ஒரே அளவில் கேட்கச் செய்தது ஒலிப்பதிவுக் கூடம். முருகன் பெயரைக் குரல் சொல்லிவிட்ட பிறகு நாகசுரம் அதே சுரங்களை ஊதும்போது, கேட்பவர் உள்ளத்தில் அந்தப் பெயரே ஒலிக்கிறது. குரல் தந்த பொருளை நாகசுரம் வாங்கி, சொல்லால் எட்ட முடியாத வேகத்துக்கும் உயரத்துக்கும் கொண்டுபோகிறது.

இங்கே கேட்பவரின் பங்கு தெளிவாகிறது. சொல் உண்டா இல்லையா என்பதைக் கருவி மட்டும் தீர்மானிப்பதில்லை. வடமொழி அர்ச்சனையோ தெலுங்குக் கீர்த்தனையோ அம்மொழி அறியாத பக்தருக்குச் சுரமாகவே சென்று சேர்கிறது. குரலில் பிறந்தாலும் அது அவருக்குச் சொல்லற்ற ஒலி. அவரே அறிந்த தேவாரத்தை நாயனம் வாசித்தால், கருவியில் பிறந்தாலும் அது அவருக்குச் சொல். பள்ளியில் சைவநெறி பாடத்தில் பதிகம் மனனம் செய்த தோட்டத்துப் பிள்ளை, மேளத்தில் அதன் பண்ணைக் கேட்டதும் உதடசைத்துச் சேர்ந்து பாட முடிவதற்குக் காரணம் இதுவே. மழலையை அறியாதவரே குழலை இனிது என்பர் என்று வள்ளுவர் சொன்னதிலும் இந்த நுட்பம் அடங்கியிருக்கிறது. மழலையும் முழுச்சொல் அன்று. பெற்றோரின் அன்பே அதற்குப் பொருளேற்றுகிறது.

ஆகவே சொல்லற்ற ஊதல் வழிபாடாகுமா என்ற கேள்விக்கு விடை ஆம் என்பதே. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊதுபவரிடமோ கேட்பவரிடமோ சொல் முன்னரே குடிகொண்டிருக்க வேண்டும். அந்தச் சொல்லை முதலில் தருவது குரல். குழல் அதைக் கடத்திச் செல்கிறது, சில வேளைகளில் சொல்லுக்கு எட்டாத தூரத்துக்கும். வரிசையில் குரல் முந்தியது. எட்டும் எல்லையில் குழல் நீண்டது. ஒன்று மற்றொன்றைவிடத் தூயது என்று தரம் பிரிக்க இதில் இடமில்லை.

மலையகக் கோயில்களுக்கு இதனால் ஒரு நடைமுறைப் பொருளும் உண்டு. திருவிழாவுக்கு மேளம் அழைப்பது நல்லது. நாயனம் அம்மனின் புறப்பாட்டுக்கு அழகு. ஆனால் பஜனை பாடும் பெண்களும், காமன் கூத்தின் பாடகர்களும், பஞ்சபுராணம் ஓதும் பிள்ளைகளும் மேளம் வரும்வரை இடத்தை நிரப்புவோர் அல்லர். நாயனம் எதைக் கடத்த வேண்டுமோ அந்தச் சொல்லை அம்மக்களின் உள்ளத்தில் ஊன்றி வைப்பவர்கள் அவர்களே. குரலுக்கும் துளைக்கருவிக்கும் அங்கே புதிய சிற்றரங்க இசை ஆக்க முன்வருவோரும் அந்தப் பாட்டுகளிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் கருவி ஊதுவது கேட்பவர் உள்ளத்தில் சொல்லாக விளையும்.