இடையூறும் அதிதியும்

சாலிஹோத்திர மகரிஷி ஓராண்டு உபவாசம் இருந்து, விரதம் நிறைவுற்ற தை அமாவாசையன்று தாம் சேர்த்த அரிசியை மாவாக்கி நிவேதித்தபின், உடனே புசியாமல் அதிதி ஒருவரை எதிர்நோக்கியிருந்தார் என்றும், வந்த முதியவருக்குப் படைத்த பங்கினால் பசி தீராமை கண்டு தமக்குரியதையும் ஈந்துவிட்டு மீண்டும் ஓராண்டு தவத்தில் அமர்ந்தார் என்றும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் கூறும். மறு ஆண்டும் அவ்வாறே வந்து உண்டு, படுக்க இடம் கேட்டு, முனிவர் காட்டிய இடத்திலேயே சயனித்தவர் பெருமாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், உற்பத்திக் கணக்கில் ஆழ்ந்திருக்கும் இரும்பாலை மேலாளரின் அறை வாசலில், ஒடிஸாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பிழைக்க வந்த தொழிலாளி ஒருவன், சம்பளப் பிடித்தத்தைப் பற்றிக் கேட்கவோ, ஊரில் நோயுற்ற தாயைக் காண லீவு வேண்டியோ தயங்கி நிற்பானாயின், அவன் அந்த மேலாளரின் கர்மத்துக்கு நேர்ந்த விக்கினமா, அல்லது அவனைக் கேட்பதே கர்மமா?

வந்தவனெல்லாம் தெய்வம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் உருளைகளுக்கிடையே பழுக்கக் காய்ந்து பாயும் இரும்பின்மேல் கண்வைத்திருப்பவனை அழைத்துப் பேசுவது தர்மமாகாது, அங்கே கணநேரக் கவனச்சிதறலும் உயிரைக் குடிக்கும். முனிவரும் தவத்தைக் கைவிட்டாரில்லை. அதிதியை முன்கூட்டியே எதிர்நோக்கியிருந்தமையால், வந்தவர் அவருக்கு இடையூறாகவில்லை. ஷிப்ட் மாறும் வேளையில் எவரும் அச்சமின்றி வந்து பேசலாம் என நாள்தோறும் சிறிது காலத்தை ஒதுக்கி வைப்பவருக்கும் இது பொருந்தும்.

ஐந்நூறு பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததும் இவ்வகை ஏற்பாடே. எனினும், எல்லோரையும் அந்த அலுவலரிடம் அனுப்பிவிட்டுத் தம் கதவைச் சாத்திக்கொள்பவர், முதற் பங்கை மட்டும் கொடுத்தவராவார். மரணச் செய்தியும் விபத்தும் குறித்த நேரம் பார்த்து வருவதில்லை. அவ்வேளையில் தமக்கென வைத்த பொழுதையும் ஈய வேண்டும்.

ஆயினும் ஈதலைக் காட்டிலும் அரியது, ஈந்தபின் வந்தவன்மேல் வன்மம் கொள்ளாமல் விட்ட வேலைக்குத் திரும்புவது. இழந்த பொழுதுக்கு ஈடாக அடுத்து வருபவனிடம் சீறி விழும் அதிகாரி, கொடுத்ததன் பலனையும் இழக்கிறார். முகம் சுளிக்காமல் இரண்டாம் ஆண்டு விரதத்தைத் தொடங்கியதிலேதான் அம்முனிவரின் தவம் முழுமை பெற்றது.